மூன்றாம் மாடியில் இரண்டு புதியவர்கள்

தென்காசியில் எனக்கு வீடு கிடைத்ததே எதிர்வீட்டு அக்கா சொன்ன ஒரு வார்த்தையால்தான்.

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவின் அப்பா காலத்தில் கப்பலேறிப் போன குடும்பம். எந்த ஊரிலிருந்து போனோம் என்பதுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நான் வேலை பார்க்கும் கணினி நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிளையைத் திறந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேவைப்பட்டது. தமிழ் பேசுகிறவள், தனி ஆள், எங்கேயும் போகலாம் என்று என் பெயரை எழுதிவிட்டார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தம்பி அவன் குடும்பத்தோடு கோலாலம்பூரில் இருந்தான். தமிழ்நாட்டுக்குத்தானே போகிறோம், பாஷை தெரியும், சாப்பாடு தெரியும், கோயில் தெரியும், இதில் என்ன சிரமம் என்றுதான் நானும் கிளம்பி வந்தேன்.

வீட்டைக் காட்டியவர் அதன் சொந்தக்காரர். தெருவில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, பால்கனியிலிருந்து பார்த்தால் மலை. எனக்குப் பிடித்துவிட்டது. "அலுவலகத்தில காடி கொடுப்பாங்க, அதை எங்க நிறுத்தலாம்?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காடியா? மாடு எதுவும் வச்சிருக்கியளா?"

எங்கள் ஊரில் காடி என்றால் கார். இங்கே அது மாட்டுக்கு வைக்கும் கழுநீர். நான் விளக்கிச் சொன்ன பிறகு அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு நின்றதும் தயக்கம் வந்துவிட்டது. "தனியாவா இருக்கப் போறிய? வெளிநாட்டு பாஸ்போர்ட்டு வேற. போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?"

அந்த நேரத்தில்தான் எதிர்க்கதவு திறந்தது. சேலை முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"நான் எதிர்த்தாப்புல இருக்கேன்லா அண்ணாச்சி. நானும் தனியாத்தான இருக்கேன். நான் பாத்துக்கிடுதேன், சாவியக் குடுங்க."

அந்த 'லா' என் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் ஊரில் வாங்கலா, போங்கலா என்று எல்லாவற்றுக்கும் ஒரு 'லா' போடுவோம். இவர்களுடைய 'லா' வேறு. 'அல்லவா' என்பது தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. நம்மூர் ஆள் ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அண்ணாச்சி சாவியைக் கொடுத்துவிட்டார்.

அக்காவின் கணவர் சவூதியில் தம்மாமில் இருந்தார். போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஒரே மகளை வடகரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எதிர்வீட்டை அவர் அனுப்பிய பணத்தில்தான் வாங்கியிருந்தார்கள். ஆனால் அது அக்காவின் வீடு. எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை, எந்த டப்பாவில் மல்லி, எந்த டப்பாவில் சீரகம் என்பதெல்லாம் அக்கா முடிவு செய்தது.

முதல் வாரங்களில் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கேஸ் இணைப்பு வாங்க என்னிடம் தகுந்த அட்டை இல்லாததால் மின்சார அடுப்பில் சமைத்தேன். கரண்ட் போனால் சோறு அரைவேக்காட்டில் நிற்கும். தண்ணீர் மோட்டாரை யார் எப்போது போடுவார்கள் என்று தெரியாமல் தலையில் ஷாம்புவோடு நின்றிருக்கிறேன். கடையில் நான் பேசினால் கடைக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அக்கா சிலோனா?" என்பார். இல்லை, மலேசியா என்றால் விலைக்குப் பதிலாக அவர் மச்சான் பினாங்கில் இருக்கும் கதையைச் சொல்வார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் தெரியாத பாஷை என்றால் புரியவில்லை என்று சும்மா இருந்துவிடலாம். தெரிந்த பாஷையில் ஒவ்வொரு வாக்கியமும் கொஞ்சம் தப்பிப் போவது வேறு மாதிரிக் களைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசாமல் இருந்தால் போதும் என்றிருக்கும்.

அக்காவோடு மட்டும் அந்தக் களைப்பு இல்லை. ஒரு காலையில் படிக்கட்டில் பார்த்து, "பசியாறிட்டிங்களா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் இந்த வார்த்தையைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்திருந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இன்னும் இல்ல. இப்பத்தான் ஆப்பத்துக்குச் சட்டி வச்சிருக்கேன். வாங்க, சேந்து பசியாறுவோம்" என்றார். அவர்கள் வீட்டிலும் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் வார்த்தை.

மே மாதத்தில் ஒரு நாள் மாடிப்படியெல்லாம் பெருக்கித் துடைத்திருந்தது. அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். கணவர் வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை லீவு இல்லை. அவர் வேலை பார்த்த கம்பெனி ஆள் குறைத்துவிட்டது. ஒரேயடியாக வருகிறார்.

வந்த மறுநாள் காலையில் என் கதவில் யாரோ சாவி போட்டுக் குடைகிற சத்தம் கேட்டது. பயந்துபோய்ச் சங்கிலியை மாட்டிக்கொண்டு திறந்தேன். கைலியும் வெள்ளைப் பனியனும் போட்ட ஒல்லியான மனிதர், கையில் பால் பாக்கெட்டோடு நின்றார். தாடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"நான்... இது எங்க வீடுன்னு..."

"உங்க வீடு அது அண்ணே" என்று எதிர்க்கதவைக் காட்டினேன்.

இரண்டு கதவும் ஒரே மாதிரி இருக்கும், அவர்மேல் தப்பில்லை. ஆனால் அவர் திரும்பி அந்தக் கதவைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. தன் வீட்டை அடையாளம் தெரியாமல் போனதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாத பார்வை. "மாப்பு தங்கச்சி, மாப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதன் பிறகு அவர் என்னை எங்கே பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனார். அந்த ஒதுக்கம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி அனுப்பிய பார்சலில் பெலாச்சான் வந்திருந்தது. இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்த கட்டி அது. எங்கள் ஊரில் அது இல்லாமல் சம்பல் இல்லை. ஆசை தாங்காமல் வாணலியில் வைத்து வறுத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டில் ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் கேட்டது. படிக்கட்டில் யாரோ, "எலி எங்கயோ செத்துக் கெடக்குவே, டேங்கப் பாருங்க" என்றார்கள். அக்காவும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்ற கணவர் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"எலி இல்ல. எறால் கட்டி. எங்க ரூமுக்குப் பக்கத்து ரூம்ல இந்தோனேசியாக்காரனுவ இருந்தானுவ. வெள்ளிக்கிழம ஆனா இதத்தான் வறுப்பானுவ. மொதல்ல சண்ட போட்டோம், பொறவு நாங்களும் வாங்கித் திங்க ஆரம்பிச்சோம்."

வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது. திரும்பி அவரையே பார்த்தார். ஒரு கிண்ணத்தில் சம்பல் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. "அவரு ஒத்தையில உக்காந்து அம்புட்டையும் தின்னுட்டாரு" என்றார் அக்கா. சந்தோஷமாகச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அக்கா மனதைத் திறந்தார். மலைப்பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. கிளிப்பை மாட்டுவதற்குள் துணி கையைவிட்டுப் பறந்தது.

"எனக்கு இந்த மனுசனப் புரியல. காலைல நாலு மணிக்கே எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிருதாரு. நான் எந்திரிச்சுப் போனா சோறும் பருப்பும் ஆக்கி வச்சிருக்காரு. டப்பாவ எல்லாம் எடம் மாத்தி வைக்காரு. தின்ன தட்ட உடனே கழுவித் தொடச்சு, கட்டிலுக்கு அடியில கொண்டு வச்சிக்கிடுதாரு. என் வீட்டுல தட்டு திருடு போவுமா?"

"பழக்கம்தானே அக்கா. ரூம்ல எட்டுப் பேரோட இருந்தவரு."

"அது போட்டும். பீரோல பாதியக் காலி பண்ணிக் குடுத்தேன். ஒரு சட்ட எடுத்து வைக்கல. வந்த பெட்டி வந்தபடி கட்டில் பக்கத்துல கெடக்கு. அதுலயிருந்து எடுக்காரு, உடுத்துதாரு, தொவச்சு மடிச்சுத் திருப்பி அதுலயே வைக்காரு." அக்கா ஒரு கிளிப்பை அழுத்தி மாட்டினார். "திரும்பிப் போவணும்னு நெனப்பு இல்லன்னா யாராவது பெட்டியப் பிரிக்காம வச்சிருப்பாவளா? இத்தன வருசம் நான் எதுக்குக் காத்துக் கெடந்தேன்?"

 சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வாரத்தில் அவர்களுக்குள் சண்டை வந்தது. சத்தம் வெளியே வராத சண்டை. மறுநாள் காலையில் அக்கா ஒரு பையோடு படியிறங்கினார். "மக வீட்டுக்குப் போறேன். நாலு நாள் இருந்துட்டு வாறேன்." கதவருகே அவர் கணவர் நின்றிருந்தார். 

அக்கா போன மறுநாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. சாரல் தொடங்கியிருந்தது. வெயிலும் தூறலும் மாறி மாறி அடிக்கும், காற்றில் கதவுகள் படார் படாரென்று மோதும். ஆட்டோ பிடித்துப் போய் டாக்டரைப் பார்த்தேன். வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுங்கள் என்றார். திரும்பி வந்து படியேறும்போது இரண்டாம் மாடியிலேயே கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்த எதிர்வீட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். கையைப் பிடித்துத் தூக்கிவிட அவருக்கும் கூச்சம், கையை நீட்ட எனக்கும் கூச்சம். அவர் என் மருந்துப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு, நான் ஏறுகிற வேகத்துக்குச் சரியாக நான்கு படி முன்னால் ஏறினார். நான் நின்றால் அவரும் நின்றார். வாசலில் பையை வைத்துவிட்டு, "கதவப் பூட்ட வேண்டாம், சும்மா சாத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை மயக்கத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் யாருமில்லை. கதவுப் பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஃபிளாஸ்க் நிறைய நோன்புக் கஞ்சி, இஞ்சியும் பூண்டும் புதினாவும் போட்டது, தனியே ஒரு சின்ன டப்பாவில் பருப்புத் துவையல். அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் காலையிலிருந்து வெறும் தண்ணீரில் கிடந்தவளுக்கு அந்த வாசனை போதும். கட்டிலில் உட்கார்ந்து குடித்தேன். குடிக்கக் குடிக்க அழுதேன். ஈப்போவில் அம்மா இறந்த பிறகு எனக்காக யாரும் கஞ்சி வைத்ததில்லை.

காலையும் மாலையும் பை தொங்கியது. ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டு அவர் தன் வீட்டுக்குள் போய்விடுவார். நான் கதவைத் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எதிர்க்கதவு சாத்தும். ஒரு தடவை நான் முந்திக்கொண்டு திறந்துவிட்டேன். "உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அங்கன ரூம்ல ஒருத்தன் விழுந்துட்டான்னா இன்னொருத்தன் கஞ்சி வைப்பான். அப்படித்தான் நாங்க இருந்தோம். இங்கன வந்த பொறவு யாருக்கு என்ன செய்யணும்னே தெரியல தங்கச்சி. அவளுக்கு நான் ஆக்குனா கோவம் வருது."

அவர்தான் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் உள்ளே போய்ப் பார்க்க முடியாது, நீ வந்தால்தான் ஆகும் என்று மட்டும். அன்றைக்கே அக்கா பஸ்ஸேறி வந்துவிட்டார். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேரே என் அறைக்குள் வந்தார்.

"ஏட்டி, எனக்கு ஒரு போன் போட்டா என்ன?" என்று அதட்டிக்கொண்டே நெற்றியில் கையை வைத்தார். அதுவரை என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தவர். அவரும் கவனிக்கவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

மாற்றுத்துணி எடுக்க அலமாரியைத் திறந்தார். காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் என் இரண்டு பெட்டிகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஒன்றில் மடித்த துணி, ஒன்றில் புத்தகமும் மருந்தும் அம்மாவின் படமும். வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அக்கா வெகுநேரம் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீயும் வெரசா ஊருக்குப் போவணும்னுதான் இப்படி வச்சிருக்கியா?"

மொட்டைமாடியில் சொல்லாமல் விட்டதை அப்போது சொன்னேன். "இல்லக்கா. போகணும்னு இல்ல. எடுத்து வச்சிட்டா இதுதான் என் இடம்னு ஆயிடும். அப்புறம் இங்க யாருக்கும் நான் தேவைப்படலன்னா என்ன செய்யறது? பெட்டி திறந்தே இருந்தா, விருந்தாளி மாதிரி இருந்துடலாம். விருந்தாளிக்கு ஒண்ணும் தெரியலன்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொல்லுதியா?"

"அவரு மனசு எனக்குத் தெரியாது. என் மனசு அப்படி."

அன்று மாலை என் துணிகளை அக்கா அலமாரியில் அடுக்கினார். எந்தத் தட்டில் எதை வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு வைத்தார். ஆனால் தன் வீட்டில் கணவரின் பெட்டியைத் தொடவில்லை. அதை அக்காவே என்னிடம் சொன்னார். "நான் பிரிச்சா அது நான் பிரிச்சதாத்தான் இருக்கும். அவரு பிரிக்கட்டும்." அதற்குப் பதிலாக, மறுநாள் காலையில் கணவர் ஆக்கி வைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "மத்தியானத்துக்கு என்ன வைக்கப் போறிய?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் திகைத்துப் போய், "மீன் வாங்கியாரட்டா?" என்றாராம்.

எனக்கு உடம்பு தேறியதும் மூவரும் குற்றாலம் போனோம். பக்கத்தில் இருந்தும் நான் அதுவரை அருவியைப் பார்த்ததில்லை. கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். பெண்கள் பக்கத்தில் நான் மிரண்டுபோய் ஓரமாக நின்றேன். "நின்னா காலம்பூரா நிக்க வேண்டியதுதான்" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளினார். தலையில் யாரோ கல்லைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது. பிறகு ஒன்றும் நினைப்பே இல்லை. முன்பின் தெரியாத பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். நானும் கத்தினேன்.

குளித்து, உடை மாற்றி வந்து நின்றால் அண்ணனைக் காணோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா ஈரத்தலையோடு ஆண்கள் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார். "இந்த மனுசன் எங்கன போயித் தொலஞ்சாரு? வழுக்கி கிழுக்கி விழுந்துட்டாரா?" குரலில் கோபமில்லை, வெறும் பயம்தான். கடைசியில் அவர் எண்ணெயும் தண்ணீரும் சொட்டச் சொட்ட, கண் சிவந்து, ஒரு சின்னப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டு வந்தார்.

டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே சொன்னார். எண்ணெய் தேய்த்துவிட்டவர் முதுகில் நாலு தட்டுத் தட்டி, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறார். "தம்மாம்னு வாயில வந்துட்டு. முழுங்கிட்டுத் தென்காசின்னேன். பக்கத்துல இருந்துகிட்டு இப்பத்தான் வாறியளாக்கும்னு அவன் கேக்கான். ஆமாப்பா, இப்பத்தான் வந்தேன்னு சொன்னேன்."

அக்கா தன் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டார். அத்தனை பேர் பார்க்க அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணனும் எதிர்பார்க்கவில்லை. பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சாரல் முடிவதற்குள் ஒரு நாள் அக்கா என் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "பீரோல சட்டைய மாட்டிட்டாரு ஏட்டி. பெட்டியப் பரண்ல தூக்கிப் போட்டுட்டாரு. நான் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

இப்போது அண்ணன் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் காது போகிறது என்று தினமும் குறை சொல்கிறார். லீவு விட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவிக்கிறார். நான் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டித்துக்கொண்டேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. டிசம்பரில் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

எதிர்வீட்டில் அடுக்களைச் சண்டை இன்னும் ஓயவில்லை. வித்தியாசம் என்னவென்றால், இப்போது அது எனக்குக் கேட்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு என் வாசலில் வந்து நின்றார்கள். ஒரே மீன், இரண்டு குழம்பு. அக்கா தேங்காய் அரைத்து வைத்தது. அண்ணன் அரைக்காமல் புளி தூக்கலாக வைத்தது.

"உள்ளதச் சொல்லு ஏட்டி. எனக்காகச் சொல்ல வேண்டாம்" என்றார் அக்கா.

இரண்டையும் ருசித்துவிட்டு, அண்ணனுடைய கிண்ணத்தைக் காட்டினேன். அவர் ஜெயித்த முகத்தோடு மாடிப்படிக் கைப்பிடியைத் தட்டினார். அக்கா அந்தக் கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு கூட" என்றார். பிறகு நின்றபடியே அதில் கிடந்த மீன் துண்டை எடுத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்துத் தின்று முடித்தார்.